இலவச இடத்தில் ஒரு ஃபீட்

அடுத்தவருக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன், போன் எப்போது அடிக்குமோ என்ற பயத்தோடுதான் சாப்பிட உட்காருவான். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது தெரியும்.

ஏற்காத கோப்பு

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் முதலாளி ஒருவருக்கு, இணையத்தில் ஒரு கம்பெனி தரும் இலவச இடத்தில் வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பெரிய ஆர்டரெல்லாம் கொச்சி வியாபாரி ஒருவரிடமிருந்துதான். புதுச் சரக்கு விவரம் ஆர்.எஸ்.எஸ். ஃபீடில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அந்த வியாபாரி சொல்லிவிட்டார். தளத்தில் புதிதாகப் போடுவதைத் தானாக அவர் திரையில் காட்டும் சின்னக் கோப்பு அது. எங்கள் இலவச இடமோ பக்கங்களையும் படங்களையும் தவிர எதையும் ஏற்காது. விஷயத்தைச் சொன்னதும் முதலாளி கேட்டார்: "குடியிருக்க வீட்டைக் குடுத்துட்டு அடுப்பு மூட்டக் கூடாதுன்னா எப்படிண்ணே?"

அவள் பெயரில்

இன்னொரு கம்பெனி அந்தக் கோப்பை ஏற்றது. ஆனால் ஆளுக்கு ஓர் இடம்தான். என் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவள் பெயரில், அவள் போனிலேயே திறந்தேன். "எம் பேர்ல ஒரு சென்ட் நெலம் வாங்கல. இதையாவது பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றாள்.

நல்ல நேரம்

அங்கே புரோகிராம் எதுவும் ஓடாது. ஒவ்வொரு அறிவிப்பையும், தேதி நேரம் உட்பட, கையால் எழுதித்தான் ஏற்ற வேண்டும். புதுச் சரக்கு வந்த நாள் அஷ்டமி. முந்தின நாள் காலை நல்ல நேரத்தைப் போடச் சொன்னார் முதலாளி, போட்டேன். கொச்சியிலிருந்து சத்தமே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி தவறிப்போன பிறகு வந்த மாதம் அது. வாரிசுச் சான்றிதழுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றபடி ஃபீடைத் திறந்தேன். ஃபீட் நேரப்படிதான் அடுக்கும்; அஷ்டமிக்கு முந்தின நாள் மாலை போட்டிருந்த விடுமுறை அறிவிப்புகளுக்கு அடியில் கிடந்தது, அன்று காலை நேரம் போட்ட புதுச் சரக்கு. நேரத்தைத் திருத்தியதும் ஆர்டர் வந்தது. முதலாளிக்கு மனம் ஆறவில்லை: "நல்ல நேரத்துல போட்டும் பார்ட்டி கண்ணுல படலையேண்ணே."

இருக்கிறீர்களா?

அந்தக் கம்பெனி அவ்வப்போது அவளுக்கு மெயில் அனுப்பும்: இன்னும் இந்த இடத்தைப் பயன்படுத்துகிறீர்களா, பதில் இல்லையென்றால் அழித்துவிடுவோம். அதற்காகவே அவள் போனை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் கெடு முடியும் நாளில் போன் உயிர் பெறவில்லை. ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் திரை வெளிச்சம் வந்ததும் 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

முதலாளியிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "மதினி இருக்கிற வரைக்கும் நமக்குக் கொச்சி ஆர்டர் இருக்குண்ணே."

தாலுகா ஆபீஸ் கொடுத்த சான்றிதழ்படி அவள் இல்லை, இலவச இடத்துக்காரன் கணக்குப்படி இருக்கிறாள். நான் இரண்டாவதை நம்பித்தான் தொழில் செய்கிறேன்.