தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவர்

முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எப்படி என்று உங்களில் பாதிப்பேருக்கு நோகிற இடுப்பும் நாரியுமே சொல்லும். மிச்சப்பேருக்கு அந்த வேலைக்குப் போகிற மனைவிமார் சொல்வார்கள். எங்கள் இல்லம் கனடாவில், ஸ்காபரோவில். அங்கே இருக்கும் பழைய மாலுமிகள் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் என் காதுக்குள் அது எங்கட தமிழாகத்தான் இறங்கும். அப்படியே தருகிறேன்.

வாசலோடு சரி

மிஸ்டர் கிளாரன்ஸ் புதிதாக வந்தார். கறுப்பினத்தவர், நூற்றை எட்டிப் பிடிக்கிற வயது. இரண்டாம் உலகப்போரில் கப்பலில் இருந்தவர். சாப்பாட்டு நேரம் பிடித்து நடக்கும் வோக்கரைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டு அறை வாசல்வரை வருவார். கடற்படைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்பார். "உள்ளுக்கு வாங்கோ" என்றால் நன்றி சொல்லுவார், அசையமாட்டார். பிறகு அறைக்குத் திரும்பிவிடுவார். அங்கே கொண்டுபோய்க் கொடுத்தாலும் இரண்டு வாய்தான். ஆள் மெலிந்துகொண்டே போக எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மறதி வருத்தமோ என்று, கூட வேலை செய்யும் மட்டக்களப்பு வசந்தி அக்காவிடம் கேட்டேன்.

"மறதியோ? அந்த மனிசன் நல்ல தெளிவு தம்பி. இந்தச் சூப்பைக் கண்டா நானும் வாசலோட திரும்பிருவன்."

என் கம்பளித் தொப்பி

யன்னலோர மேசை மிஸ்டர் ஹரோல்டின் ராச்சியம். வெள்ளையர். அவரும் அதே போரில் மாலுமி, வேறு கப்பல். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்று விறைத்துப்போய் வந்த நான், கம்பளித் தொப்பியோடு சாப்பாட்டு அறைக்குள் ஓடிவிட்டேன். மனிசன் வெடித்தார்.

"சாப்பிடுற இடத்துக்குத் தொப்பியோட வாறியோ? கப்பலில அடுத்தவன்ரை மேசைக்குப் போறதெண்டால் கழட்டிப்போட்டு வாசலில நிக்கவேணும். மேசைக்காரர் கூப்பிட்டால்தான் உள்ளுக்கு!"

சவரம்

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அடுத்தநாள் கிளாரன்ஸுக்குச் சவரம் செய்யும்போது கேட்டேன். கன்னத்தில் நுரையோடு சொன்னார். பீரங்கிப் பக்கம் நிற்க ஆசைப்பட்டுச் சேர்ந்தவரை, நிறத்தைப் பார்த்துச் சமையலறைக்குள் தள்ளிவிட்டார்களாம். வெள்ளை மாலுமிகள் சாப்பிடும் அறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருக்கிறார், ஒருவரும் கூப்பிடவில்லை. போர் முடியும்வரை அடுப்படியில் நின்றபடியே சாப்பாடு. இங்கே யன்னலோரம் ஒரு பழைய மாலுமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் கால் தானாக நின்றுவிட்டதாம். நான் கூப்பிடுகிறேனே என்றேன்.

"நீ நல்ல பெடியன். ஆனா மேசை உன்ரை இல்லை."

மேசைக்காரர்

சொல்லட்டுமா என்று கிளாரன்ஸிடம் கேட்டுக்கொண்டுதான் ஹரோல்டிடம் போனேன். முழுவதையும் சொன்னேன். "எங்கட கப்பலிலயும் இப்பிடி ஒருத்தன் நிண்டவன். நான் குனிஞ்சு சாப்பிட்டுக்கொண்டிருந்தனான்" என்றார்.

அன்று மத்தியானம் அவர் கரண்டியைத் தொடவில்லை. வாசலில் கிளாரன்ஸ் தெரிந்ததும் மேசையைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி எழும்பினார். பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார். "எங்கட மேசைக்கு வாரும் ஐசே!" என்று அறை முழுக்கக் கேட்கக் கத்தினார். கிளாரன்ஸ் வந்தார், இருந்தார், தொப்பியை மடியில் வைத்தார். வசந்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப்பை வைத்தா. கிளாரன்ஸ் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார்.

"இவ்வளவு வருசமும் நான் காத்துக்கொண்டு நிண்டது உந்தச் சூப்புக்கோ?"

இப்போது இருவரும் ஒரே மேசையில் இருந்து எங்கள் சமையலைத் திட்டுகிறார்கள், கிளாரன்ஸின் காற்சட்டை நழுவாமல் இடுப்பில் நிற்கிறது, இதைவிட நல்ல சம்பள உயர்வு இந்த வேலையில் நான் கண்டதில்லை.