சண்முகவேல் சார் சொல்லாமல் விட்ட பெயர்

கயத்தாறில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. கலவை மிஷின் சத்தத்தில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "கோச் சார் போயிட்டாவ அண்ணாச்சி" என்று மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் காதில் ஏறியது. காலையில் மைதானத்துக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாராம். தளம் போடுவதைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாது. சாரத்தில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். "நீங்க கெளம்புங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் கொத்தனார். கிளம்பவும் முடியவில்லை, ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை. அவரை நினைத்தால் எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

அவருடைய பழைய மாணவிகள் நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள் திரியும் கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போகிற வீடுகளிலிருந்தும் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடுகளிலிருந்தும் வந்த பெண்களைச் சேர்த்து, ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியை அவர் எப்படி ஜெயிக்க வைத்தார் என்று எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் எழுத வேண்டியது வேறு. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து நாலு வரி எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கல்லூரியின் கூடைப்பந்துத் தளத்தைப் போட்ட கான்ட்ராக்டர் நான். ஒழுங்காகப் போடவில்லை.

கரிசலில் எதைக் கட்டினாலும் மண்ணை ஆழத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, சரள் நிரப்பி இடித்து, அதன் மேல்தான் கட்ட வேண்டும். மழைக்கு உப்பும், கோடைக்கு வாய் பிளக்கும் மண். மாட்டுக்கொட்டகை போடுகிறவனுக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால், மேலே சுவரா எழும்பப் போகிறது, பிள்ளைகள் குதிக்கிற இடம்தானே என்று நினைத்துவிட்டேன். திறப்பு விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டார்கள். ஒரு முழம் தோண்டிவிட்டுப் போதும் என்று நிறுத்தினேன். வீடென்றால் தன் பாரத்தால் மண்ணைக் கொஞ்சமாவது அமுக்கிப் பிடிக்கும். கனமில்லாத தளத்தைத்தான் கரிசல் லேசாகத் தூக்கிவிடும். இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அந்த ஐப்பசியிலேயே நடுத்தளம் புடைத்துக்கொண்டது. சித்திரையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடியது. மனசு கேட்காமல் ஒருநாள் காலையில் போனேன். சார் வெறுங்காலோடு தளத்தில் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் பாதத்தால் தடவிப் பார்த்தார்.

"சார், ஒரு மாசம் குடுத்தீயன்னா ஒடைச்சிட்டு மறுபடியும் போட்டுத் தாரேன்" என்றேன்.

"இப்ப வேண்டாம் அண்ணாச்சி. சீசன் முடியட்டும்."

அடுத்த வருஷமும் கேட்டேன். அதே பதில். மூன்றாம் வருஷம் கேட்டபோது, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை என் குரலிலேயே இருந்தது. சொன்னார். நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

அவர் ஏன் வேண்டாம் என்றார் என்பது ஒரு போட்டியைப் பார்த்தபோது புரிந்தது. "பந்தப் பாக்காத, தரையப் பாத்து ஓடு" என்று எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார். நம் பெண்களுக்கு எந்த இடத்தில் தட்டினால் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று அத்துப்படி. வெளியூர் அணியின் கையை விட்டுப் பந்து கோணலாகப் போகும். அது போகிற இடத்தில் நம் பெண் ஏற்கெனவே நிற்பாள். அந்தத் தளத்தில் பல வருஷம் எந்த அணியும் நம்மை ஜெயிக்கவில்லை. நானும் கை தட்டினேன். என் குறையை ஒருவர் வித்தையாக மாற்றிக்கொண்டால் எனக்கு வலிக்கவா செய்யும்?

பிறகு செல்வராணி விழுந்தார். புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டுப் பெண், வேறொரு கல்லூரிக்காக ஆட வந்தவர். பந்தோடு பாய்ந்து வந்தவருடைய ஷூ முனை விரிசலில் மாட்டியது. உடம்பு முன்னே போனது, கால் போகவில்லை. முழங்கால் திரும்பிவிட்டது. போலீஸ் வேலைக்கு உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்திருந்த சமயம். அதன் பிறகு அவரால் ஓடவே முடியவில்லை. சார் மறுநாளே தளத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார். கல்லூரி வேறு ஆளை வைத்து உடைத்துப் போட்டது. என்னைக் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. திறப்புவிழாக் கல்லில் என் பெயர் கிடையாது. அலுவலகத்திலும் ஆட்கள் மாறிவிட்டார்கள். போட்டது யாரென்ற ஞாபகம் இருந்தது அவருக்கும் எனக்கும்தான்.

அடுத்த வருஷம் நம் அணி வெளியூரிலேயே பெரிய கோப்பை ஒன்றை ஜெயித்துக்கொண்டு வந்தது. வியாபாரிகள் சங்கத்தில் அவரைப் பேச அழைத்தோம். மேடையில் 'வெற்றியின் ரகசியம்' என்று பேனர். பொன்னாடை போர்த்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள், கடைக்காரர்கள், கல்லூரிப் பெண்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சார் மைக்கைப் பிடித்ததும் பேனரைத் திரும்பிப் பார்த்தார். "ரகசியம்னு போட்ருக்கீய. அப்ப சொல்லிர வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "எங்க தளம் விரிசல் விட்ட தளம். எங்க பிள்ளையளுக்கு அந்த விரிசல் தெரியும், வாரவங்களுக்குத் தெரியாது. அதுதான் ரகசியம்."

சிரிப்பு நின்றது. நான் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனேன். குடித்தேனா என்று ஞாபகமில்லை. திரும்பி வந்தபோது செல்வராணியின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சரி பண்ணித் தாரேன்னு வந்தாங்க. மூணு தடவ. நாந்தான் வேண்டாம்னேன். ஜெயிச்ச ருசி. ஒரு பிள்ளையோட காலு போனது என்னாலதான். என்னயக் கூப்பிட்டுப் பொன்னாட போத்துதீய. போத்துங்க, ஆனா இதத் தெரிஞ்சுக்கிட்டுப் போத்துங்க."

மறுபடி எழுந்தேன். கதவுவரை போய் வந்து உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர், "என்னவே, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். அப்போது சங்கத் தலைவராக இருந்த தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மேடையிலிருந்தபடியே கேட்டுவிட்டார்: "அது சரி சார், அந்தத் தளத்தப் போட்ட புண்ணியவான் யாரு?"

என் தொழில் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு நான் குடோன் கட்டிக்கொண்டிருந்தேன். சார் என் பக்கம் பார்க்கவே இல்லை. "அத அவருதான் சொல்லணும். நான் எம் பேரச் சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

எழுந்து சொல்லியிருக்கலாம். பொன்னாடையை எடுத்துக்கொண்டு மேடைக்கும் போனேன், மைக் ஒரு கை தூரத்தில் இருந்தது. போர்த்தினேன். "உக்காருங்க அண்ணாச்சி, வேர்க்குது ஒங்களுக்கு" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் அவரை மறித்தேன். நியாயமாக நன்றி சொல்ல வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. "எம் பேரச் சொல்லியிருந்தா இன்னைக்கே முடிஞ்சிருக்கும்லா சார்?" என்றேன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "எனக்கு முடிஞ்சிருக்கும். ஒங்களுக்கு முடியாது" என்றார். அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணத்தில், கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். பேரனைப் பற்றிக் கேட்பார், சிமெண்ட் விலையைப் பற்றிக் கேட்பார். இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. தூரத்தில் அவருடைய ஸ்கூட்டரைக் கண்டாலே நான் சந்துக்குள் திரும்பிய நாட்களும் உண்டு. எங்கள் பக்கம் கட்டிய ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் பிறகு தேவைக்கு மேல் தோண்டினேன். கூலிக்காரர்கள் எனக்குக் கிறுக்கு என்று பேசிக்கொண்டார்கள்.

சார் போன அன்று, கயத்தாறில் தளம் போட்டு முடித்து, சிமெண்ட் அப்பிய சட்டையோடு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலை நீட்டியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். யாரென்று கேட்கத் தேவையில்லை. புதூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகவும், சார் வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். சாருக்கு மாலை போட்டேன். வாசலுக்கு வந்தேன். வண்டிச் சாவியை எடுத்தேன். திரும்பிப் போய் அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்றேன்.

"ஏம்மா, நீ விழுந்த தளத்தப் போட்டது நாந்தான்."

செல்வராணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வைவார் என்று காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, "இங்கன உக்காருங்க" என்றார்.

"ஒரு தடவ சார்ட்ட கேட்டேன், யாரு போட்டாவன்னு. பேரு சொல்ல மாட்டேன்னுட்டாவ. அவரே ஒன்னயத் தேடி வருவாரு, கொஞ்சம் நாளாவும்னாவ. அப்பறம் வரும்போதெல்லாம் அதத்தான் மொதல்ல கேப்பாவ, 'வந்தாரா?'ன்னு. போன மாசங்கூடக் கேட்டாவ."

நான் ஒளிந்துகொண்டிருந்த அத்தனை வருஷமும் ஒரு மனுஷர் என்னை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி. 'வந்தார்' என்று செல்வராணி பதில் சொல்லலாம். கேட்க அவர் இல்லை.