‘டீம் சொல்லட்டும்’ ரகு சார்

ரகு சார் போயிட்டாராம். இன்னைக்குக் காலையில, ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுல. பழைய ஆபீஸ் குரூப்ல இப்பதான் பாத்தேன்.

வரிசையா கும்பிடுற கை, ஆழ்ந்த இரங்கல்... "ஒரு நல்ல லீடரை இழந்துட்டோம்"னு ஒருத்தர்.

அவர் லீடரே இல்லைங்க. அவரே சொல்லுவார்.

பல்லாவரம் பக்கம் ஒரு பில்லிங் ஆபீஸ். நான் சேர்ந்த அன்னைக்கே, "இங்க மேனேஜர்னு யாரும் கிடையாதும்மா, டீம்தான் எல்லாம். நான் சும்மா கூட இருக்கறவன்"னாரு. கூட இருக்கறவருக்கு மட்டும் ஏசிக்கு நேர் கீழ சீட்டு.

லீவு, ஷிப்ட், யார் சீக்கிரம் கிளம்பறது... எதுக்கும் எல்லாரும் வட்டமா நின்னு சரின்னு சொல்லணும். ஒருத்தர் குறைஞ்சாலும் முடிவு கிடையாது.

ட்ரீட்டுக்கு எந்தக் கடை பிரியாணின்னு மட்டும் டீமைக் கேட்டதே இல்லை. கிளையன்ட் பாராட்டினா மேடை ஏறுறதும் அவர் மட்டும்தான்.

ஒரு மதியம் தம்பி போன் பண்ணான். அப்பாவுக்கு நெஞ்சுவலி, தாம்பரத்துல ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம், உடனே வாக்கான்னான்.

ரகு சார்கிட்ட ஓடினேன். கையைக் கட்டிக்கிட்டு, "போன்னு நான் எப்படிம்மா சொல்றது? டீம் சொல்லட்டும்"னாரு.

பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தாங்க. கோவிலம்பாக்கத்துல வீட்டுலேர்ந்து வேலை பாத்த பொண்ணு போனை எடுக்கலை. எல்லாரும் வரட்டும்னு நின்னோம்... நின்னுக்கிட்டே இருந்தோம்.

ஏன் அப்படியே ஓடலைன்னு கேக்காதீங்க. சொல்லாம கிளம்பின ஒருத்தியை அதே வட்டம் வேலையை விட்டே அனுப்பியிருந்தது. எங்க வீடு ஓடினது என் சம்பளத்துல.

கடைசியில சாப்பிட்டுட்டு வந்த ஜெரோம்தான் என் பையை எடுத்துக் கையில குடுத்தான். "இன்னாக்கா, இன்னும் நின்னுகினு கீற? நீ கெளம்பு. உன் வேலைய நான் பாத்துக்கறேன்."

ஜிஎஸ்டி ரோட்டுல ஆட்டோ நகரவே இல்லை. நான் போய்ச் சேர்ந்தப்போ அப்பா முகத்தைத் துணியால மூடியிருந்தாங்க.

"கடைசி வரைக்கும் உன்னைத்தான்க்கா கேட்டுக்கிட்டிருந்தாரு"ன்னான் தம்பி.

காரியம் முடிஞ்சு வேலைக்குப் போனா, ஜெரோமுக்கு விளக்கம் கேட்டு மெயில். டீமைக் கேக்காம முடிவெடுத்துட்டானாம். அனுப்பினது ரகு சார். அதுக்கு மட்டும் யாரும் வட்டமா நிக்கலை.

இறந்தவரைப் பத்தி இப்படி எழுதலாமான்னு கமெண்ட் போட வராதீங்க. உங்க அப்பா கடைசியா உங்களைக் கேட்டப்போ நீங்க பக்கத்துல இருந்திருப்பீங்க.

குரூப்ல மாலை வாங்கிட்டுப் போகப் பேசிக்கிட்டிருக்காங்க. நான் வரலை.

யார் கிளம்பினாலும் போயிட்டு வாங்கன்னு சொல்றதுதான் நம்ம வழக்கம். உங்களுக்கு அது என் வாயில வரலை ரகு சார்.

போங்க.