ஐந்து மணிக் கண்ணாடி

கொரோனா ஊரடங்கு நாட்களில், திருகோணமலை இறங்குதுறைச் சோதனைச்சாவடியில் நின்ற அந்தப் பொலிஸ்காரர் எல்லோரிடமும் எரிந்து விழுவார். பாமசியில் மருந்து கொடுக்கும் வேலைக்கு நான் அவரைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். நித்திரையில்லாத கண்கள்; முகக்கவச நாடா அழுத்திச் சிவந்த காதுகள். ஆனால் மாலை ஐந்து மணிக்குத் தொப்பியைக் கழற்றிக் கடலை நோக்கி ஆட்டுவார். அக்கரையில் ஏதோ பளிச்சிடும்.

"யாருக்கு, சேர்?" என்று கேட்டேன்.

"அக்கரை மூதூரில என்ட மகள் வெயிலுக்குக் கண்ணாடி பிடிக்கிறா. தொத்திடும் எண்டு ரெண்டு மாசமா வீட்ட போகேல்ல. போனில கதைச்சா ரெண்டு பேரும் அழுறம். இது நல்லம்."

ஐந்து மணிக்குப் பிறகு அவர் யாரையும் ஏசியதில்லை.

ஒருநாள் மழையில் அக்கரையே தெரியவில்லை. அப்போதும் தொப்பியை ஆட்டினார்.

"வெயில் இல்லையே, சேர்?"

"அவ நிப்பா," என்று சிரித்தார்.

நானும் குடையைத் தூக்கி ஒருமுறை ஆட்டினேன்.