ஆணி கட்டிய கால்

இரும்புலியூரில் வீடு கட்டும் முன்பே நான் நட்டது அந்த மாமரம். எண்பதுகளின் கடைசியில் அது மாடியைத் தாண்டிப் போய் மின்கம்பியைத் தொட ஆரம்பித்தது. நீங்களே வெட்டாவிட்டால் நாங்கள் வந்து வெட்டுவோம் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார். அவர்கள் வெட்டுகிற அழகு தெருமுனை வேப்பமரத்தைப் பார்த்தாலே தெரியும். மொட்டைக் கம்பமாக நிற்கிறது.

என் வீட்டுக்காரர் முந்தின வருஷம் வந்த அதே ஆளைக் கூட்டிவந்தார். காலில் இரும்பு ஆணி கட்டிக்கொண்டு மரத்தைக் குத்திக் குத்தி ஏறுகிறவன் அவன். போன முறை அவன் ஏறிய வழியெல்லாம் ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை பிசின் வடிந்தது. பிறகு வண்டு புகுந்து மரத்தூளாகத் தள்ளியது. தெற்குக் கிளை காய்ந்தே போயிற்று. வீட்டுக்காரர் ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார். சுவர் பூசுவது போல மட்டம் வேறு பார்த்தார். படித்த மனுஷர்! உள்ளே ஈரம் தங்கி இன்னும் அழுகியது. நோண்டி எடுக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

அதனால் இந்த முறை கேட்டிலேயே நின்றுகொண்டேன்.

“ஆணியைக் கழட்டு.”

“இன்னாம்மா பேஜார் பண்ற? ஒரு ஆணி குத்துனா மரம் செத்துடுமா?”

“ஒண்ணா குத்தினே? வா, வந்து நீயே எண்ணு.”

“நான் வுழுந்தா என் பொண்டாட்டிக்கு நீ பதில் சொல்லுவியா?”

அது நியாயமான கேள்வி. உள்ளே போய் கிணற்றுக்கென்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த கயிற்றைக் கொண்டுவந்தேன்.

“இடுப்புல கட்டிக்கோ. மேல் கவட்டையில போட்டு விடு. கீழ இவர் பிடிச்சுக்குவார்.”

அவன் என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தான். “சாரா? அதுக்கு ஆணியே தேவலாம்மா.”

கடைசியில் கயிற்றைக் கிணற்றுத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி நானே பிடித்தேன். லைன்மேன் கரண்டை நிறுத்தியிருந்தார். அவன் ஏணி வைத்து, வெறுங்காலோடு, முனகிக்கொண்டே ஏறினான்.

“மொதல்ல கிளைக்கு அடியில ஒரு வெட்டு போடு. அப்புறம் மேல வெட்டு. இல்லேன்னா பட்டையோட கிழியும்.”

“தெரியும்மா, தெரியும். நீ கயித்தப் பாரு.”

தெரிந்தவன் மேலிருந்தே வெட்டினான். கம்பியைத் தொட்ட கிளை விழுந்தது. கூடவே ஒரு முழத்துக்குப் பட்டை உரிந்து தொங்கியது. கயிற்றை விட்டுவிடலாமா என்று இருந்தது எனக்கு. விடவில்லை. அடுத்த கிளையை அவன் முதலில் அடியில் அறுத்தான். சுத்தமாக வந்தது.

வீட்டுக்காரர் அந்தக் காயத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் சிமெண்ட் மிச்சம் இருக்கு,” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலே இருந்தவன் கத்தினான். “வாணாம் சார்! கயித்தப் புடிச்சிகினு கீறது அம்மா!”