பஸ்ஸில் இறங்கும் பாடு

பழவேற்காடு பஸ் வந்து நின்றதும் சாமுண்டீஸ்வரி இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, செருப்பைத்தான் பார்க்கிறாள். பட்டை வைத்த முரட்டுச் செருப்பென்றால், "இது நம்ம பொண்ணு" என்று நண்டுக்கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிர்கொண்டு போவாள். குதிகால் உயர்ந்த செருப்பென்றால் உதட்டைப் பிதுக்குவாள். "இத்த போட்டுக்கினு சேத்துல நடந்தா, செருப்பு இங்க, கால் மெட்ராஸ்ல." வாய்தான் அப்படி. அவளையும் அழைத்துக்கொண்டுதான் வீடு திரும்புவாள்.

கோட்டைக்குப்பத்தில் ஓரறை வீடு. புருஷன் இல்லை. மார்க்கெட்டில் நண்டு விற்கிறாள். தனியாக ஊர் சுற்றும் பெண்கள், போகிற ஊரில் ஒரு பெண் வீட்டிலேயே தங்கிக்கொள்ளப் போனில் ஒரு குழு இருக்கிறது. ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் நிவேதா அதில் அம்மாவையும் சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆள். கட்டில் அவர்களுக்கு, பாய் இவளுக்கு. நண்டுக் குழம்பை இறக்கிய கையோடு விசாரணை தொடங்கும்.

"பஸ்ல பக்கத்துல யாரு குந்தினா? சும்மா வந்தானா? நீ இன்னா பண்ண?"

பதில் கேட்கக் கேட்க வாய் பிளந்துவிடும். "யம்மாடி! ஒத்தையாவா வந்த? நானு மார்க்கெட்டுக்குப் போவவே தொணைக்கு ஆளு தேடனவடி. உன் கால எடுத்து என் தலைல வெச்சிக்கணும்!"

வந்தவளோ இவளைப் பார்த்து மலைத்துப்போவாள். முன்பின் தெரியாதவளின் கையில் வீட்டுச் சாவியைத் திணித்துவிட்டு விடிகாலையில் நண்டு எடுக்கப் போய்விடுகிறாளே, இவள் எப்பேர்ப்பட்ட பிறவி! யார் யாரைக் கும்பிடுவது என்ற வழக்கு அந்த வீட்டில் இன்றுவரை தீரவில்லை. கேட்கிற நமக்கோ இரண்டு பேரையும் கும்பிடத் தோன்றுகிறது.

குப்பத்து ஆண்களுக்கு மட்டும் இது தொண்டையில் சிக்கிய முள். போன மாதம் தாராபுரத்திலிருந்து மோகனப்பிரியா வந்தாள். பாவம், பூநாரையைப் படம் பிடிக்கும் அவசரத்தில் கரையில் விரித்திருந்த வலையை ஒரே தாவாகத் தாவிவிட்டாள். பெண் தாண்டிய வலைக்கு மீன் வராது என்பது அங்கே நம்பிக்கை. வலை சாமுண்டீஸ்வரியின் கொழுந்தன் செங்கல்வராயனுடையது. அன்றைக்கென்று பார்த்து அவனுக்குப் பாடு. ஏரியில் எந்த இடம், யாருக்கு, எந்த நாள் என்று ஊர் கூடிப் பிரித்துக் கொடுக்கும் முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஆண்களுக்கு மட்டும். வாய்த்த நாளைக் கோட்டைவிட்டால் மறுமுறைக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வலையில் வந்தது வெறும் பாசி. ஈரம் சொட்டச் சொட்டத் தோளில் சுமந்துவந்து அண்ணியின் வாசலில் பொத்தென்று போட்டான். பின்னால் நாலைந்து பேர்.

"அண்ணி, இதான் கடைசி. இனிமே வெளியூர்ப் பொண்ணு உன் வூட்ல தங்கினா, எங்க படகு நண்டு உனுக்குக் கெடையாது."

மோகனப்பிரியா அழுதுகொண்டே பையைக் கட்டினாள். "என்னாலதானுங்க்கா. நான் கெளம்பிடறனுங்க்கா."

நண்டு போனால் அடுப்பு எரியாது. விருந்தாளி போனால்? உலகம் அவள் வாசல் தேடி வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோகும். சாமுண்டீஸ்வரி வாசலில் கிடந்த வலையைக் காட்டிக் கேட்டாள்.

"உங்க அண்ணன் ஏரில போனப்போ, பொணத்த இன்னாத்துல சுத்தி எடுத்தாந்த, நைனா? இதே வலைலதான? நானு அது மேல வுழுந்து பொரண்டு அழல? தாண்டறது இன்னா பெரிய தாண்டறது! அப்பால அதே வலைல நீ எறா வாரல?"

செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவரு போனதோட எங்க வூட்டுப் பாடும் போச்சி. ஏரில எனுக்கு இன்னா கீது? என் பாடு பஸ்ஸுலேருந்து எறங்குது. அத்தப் புடுங்காத."

அவள் குனிந்து, பாசி அப்பிய வலையின் ஓரத்தை எடுத்து மோகனப்பிரியாவின் கையில் வைத்தாள். "கெட்டியாப் புடிம்மா, சுத்தம் பண்ணலாம்." மறு ஓரத்தைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் வாங்கும்வரை நீட்டிய கையை மடக்கவே இல்லை.