வாசலை மறித்து நின்ற சனிக்கிழமை

இதை எழுதலாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். எழுதினால் அந்த அம்மாளை மறுபடியும் நாலு பேர் முன்னால் நிறுத்தியதாகிவிடுமோ என்று பயம். ஜெபம் பண்ணிவிட்டு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

உலக யுத்த காலம். தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வயோதிகர் மடத்துக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். படுக்கையில் கிடக்கும் பெண்களைக் குளிப்பாட்டி விடுவேன். அவர்களில் ஒருத்தி கடற்கரை ஊர்க்காரி, நல்ல குடும்பம். அம்மா கொழும்பில் மகள் வீட்டில் சுகமாக இருப்பதாக அவள் மகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"எங்க ஊரு ஆளு கண்ணுல நான் பட்டுறப்படாது, ஏளா. எம் மவன் எங்கன போய் முழிப்பான்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

அன்று அவள் சேலையை உருவி வாளியில் போட்டுவிட்டு, முதுகுப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு கிழவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தெருவில் சிறுமணிச் சத்தம் கேட்டது. சாகக் கிடக்கிறவளுக்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுவருகிறார்; எங்களுக்கு அது ஆண்டவரே வருகிற மாதிரி. அந்த மணியைக் கேட்டால் எங்கள் சனம் போட்டதைப் போட்டபடி பின்னாலேயே ஜெபம் சொல்லிக்கொண்டு கட்டில் வரைக்கும் வந்துவிடும். அது புண்ணியம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்த அறையில் ஒரு திரைகூடக் கிடையாது.

ஜெபச் சத்தம் நெருங்கியது. அதில் ஒரு கரகரத்த குரல் தனியாகக் கேட்டது. கடற்கரை ஊர்க்காரி என் கையை இழுத்தாள். "அது எங்க தெருக்காரன், ஏளா."

ஈரத் துப்பட்டியை அவள்மேல் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசலில் நின்றேன். ஆண்டவரையே மறிக்கிறேனே என்று நினைத்தேன். நற்கருணை வாங்காமல் அந்தக் கிழவி கண்ணை மூடிவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

"சாமி, நீங்க மட்டும் உள்ள வாங்க. பொம்பளைய துணியில்லாம கிடக்காவ."

"ஆண்டவரு வாராரு, இவ காவக்காரி மாதிரி நிக்கா. இவள துறைமுகத்து வாசல்ல நிறுத்துனா ஒரு மூடை களவு போவாது" என்றது அதே கரகரத்த குரல். சிலர் சிரித்தார்கள். அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். நான் நகர்ந்து மறைத்தேன்.

சாமியார் திரும்பி நின்று, மண்டியிடுங்கள் என்று கையைக் காட்டினார். கூட்டம் தெருவிலேயே முழங்காலில் நின்றது. அவர் தலை குனிந்தபடி உள்ளே போனதும் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றேன். கிழவி நற்கருணை வாங்கினாள். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

எல்லாரும் போனபின், துப்பட்டிக்குள் கிடந்தவள் "பாத்தானா?" என்று கேட்டாள்.

"இல்ல, பெரியம்மா" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த சனிக்கிழமை கட்டிலுக்குக் கட்டில் கயிறு கட்டிப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டோம். ஆனாலும் அவள் சாகும்வரை, வாசலில் ஆள் அரவம் கேட்டால் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். நானும் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். எந்த ஊர், யார் வீட்டு அம்மாள் என்று விசாரித்து ஒரு சொல்கூடச் சேர்க்க வேண்டாம்.